பொழுதின் விளிம்பில் ஒரு புனைவுலகு

நுழையும்முன்

கதை எழுத விரும்பாத இளம் உள்ளம் அரிது. ஆனால் படிப்பு, பணி, குடும்பம் என ஒன்றன்பின் ஒன்றாகக் கடமைகள் வந்து சேரும்போது, அவ்விருப்பம் 'பிறகு பார்க்கலாம்' என்னும் சொல்லுக்குள் மறைந்துபோகிறது. இல்லாத உலகத்தைப் படைக்கும் மிகுபுனைவு நாவலுக்கோ அந்த ஒத்திவைப்பு இன்னும் எளிதாக நேர்கிறது. ஓய்வு கிடைத்தவர்தாம் எழுதினார்களா? வேலையும் வீடும் கற்பனைக்குப் பகைதாமா? மதுரை மண்ணை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

யானை படுத்திருக்கும் ஊர்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் பேருந்து ஒத்தக்கடையை நெருங்கும்போது, சாலையோரத்தில் ஒரு பெருங்கல் யானை படுத்திருப்பதைக் காணலாம். துதிக்கையை நீட்டித் தரையில் கிடத்தியிருப்பதுபோல், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்திற்குக் கிடக்கும் அந்த ஒற்றைப் பாறைக்கு யானைமலை என்று பெயர். நகரின் மேற்கே வளைந்து நெளிந்து செல்லும் குன்றுத்தொடர் நாகமலை. தென்மேற்கே நிற்பது பசுமலை. மதுரையை அழிக்க ஏவப்பட்ட யானையும் நாகமும் மாயப்பசுவும் வீழ்ந்து கல்லாய்ச் சமைந்தவையே இம்மலைகள் என்று பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கதை சொல்கிறது.

அதே யானைமலையில் சமண முனிவர் தங்கிய குகைத்தளமும், தமிழி எழுத்துக் கல்வெட்டும், எட்டாம் நூற்றாண்டில் குடையப்பட்ட நரசிங்கப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. வரலாறும் புனைவும் ஒரே பாறையில் அடுத்தடுத்து உறையும் காட்சி இது. கல் யானை கரும்பு தின்ற கதையும், நரிகள் குதிரைகளாக மாறிய கதையும், வைகைக் கரையை அடைக்க இறைவனே பிட்டுக்கு மண் சுமந்த கதையும் இவ்வூரார் நாவில் இன்றும் வாழ்கின்றன. வியப்புக் கதைக்குத் தேவையான நிலம், உயிர்கள், விதிகள், மாற்றங்கள் அனைத்தும் மதுரைச் சமவெளியில் முன்னரே விதைக்கப்பட்டுள்ளன.

நாள்தோறும் காலையில் அந்த யானையைப் பார்த்தவாறே ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் செல்கின்றனர். மடியில் மதிய உணவுப் பை. மனத்தில் அன்றைய அலுவல். மாலையில் திரும்பும்போது வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியல். அவர்களுள் எவரேனும் ஒருவர், அந்த யானை ஓர் இரவு எழுந்து நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்திருக்கக்கூடும். அவ்வெண்ணம் ஒரு நாவலாக வளர்வதற்கும், நிறுத்தம் வந்ததும் மறைந்துபோவதற்கும் இடையே இருப்பது என்ன? திறமை என்று பலர் சொல்வர். பொழுதும், அப்பொழுதை வழங்கும் வாழ்க்கை ஒழுங்கும் என்று சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது.

பொய்ம்மொழியும் இலக்கியமே

நடக்க முடியாததைப் பற்றி எழுதுவது பொழுதுபோக்கு என்றும், பொறுப்புள்ளவர் செய்யத்தக்க செயலன்று என்றும் கருதுவோர் உளர். அலுவலகத்தில் கோப்புப் பார்ப்பவர் இரவில் பறக்கும் குதிரையைப் பற்றி எழுதுவதாகச் சொன்னால், கேட்பவர் புன்னகை புரிவதும் உண்டு. இந்த நாணமே பல நாவல்களை முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுகிறது.

தமிழ் இலக்கண மரபு இவ்வளவு குறுகிய நோக்குடையதன்று. உரையின் வகைகளைச் சொல்லுமிடத்து, உலகில் நிகழாத ஒன்றைப் புனைந்துரைக்கும் பொய்ம்மொழியையும் ஒரு வகையாகத் தொல்காப்பியம் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு உரை கண்ட பேராசிரியர், யானையும் குருவியும் தம்முள் நட்புக் கொண்டு ஓரிடத்துக்குச் சென்று இன்னது செய்தன என்று சொல்லும் கதையை எடுத்துக்காட்டாகத் தருகிறார். எழுதுவோர் நாணத் தேவையில்லை என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டியதில்லை.

தமிழின் முதல் நாவலாகப் போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. ஆண் வேடம் பூண்ட ஞானாம்பாள் ஓர் அரசையே ஆளும் நிகழ்ச்சியைக் கொண்ட அந்நூல், அன்றாட வாழ்வின் நேர்ப்படம் அன்று. வியப்பும் நகையும் அறிவுரையும் பின்னிய கதை. அதனை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826 – 1889) நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிப் பின்னர் மாவட்ட முன்சீப்பாக உயர்ந்தவர். வழக்குரைஞரின் வாதத் திறனும், சாட்சியின் பொய்யும், கையூட்டின் தீமையும் அவர் பணியில் நாள்தோறும் கண்டவை. அவையே நாவலின் கிளைக்கதைகளாக மலர்ந்தன. தமிழ் நாவல் என்னும் வடிவமே அலுவல் பார்த்த ஒருவரின் கையிலிருந்து, வியப்புக் கதையாகப் பிறந்தது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

விடைத்தாளின் வெற்றுப் பக்கம்

மிகுபுனைவு நாவலுக்கு உலகெங்கும் முன்மாதிரியாகக் கொள்ளப்படுபவர் ஜே. ஆர். ஆர். டோல்கின் (1892 – 1973). இவர் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழியைக் கற்பித்த பேராசிரியர். மூன்று மகன்களுக்கும் ஒரு மகளுக்கும் தந்தை. வீட்டுச் செலவுக்கு ஊதியம் போதாமையால், கோடைதோறும் பள்ளி மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தும் கூடுதல் பணியையும் ஏற்றிருந்தார். ஏறத்தாழ 1930-ஆம் ஆண்டில், அவ்வாறு திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவர் எழுதாமல் விட்டிருந்த வெற்றுப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. நிலத்தடி வளையில் வாழும் 'ஹாபிட்' என்னும் சிற்றுருவம் பற்றிய ஒரு வரியை அதில் எழுதினார். அச்சொல்லின் பொருள் அப்போது அவருக்கே தெரியாது. அதனைக் கண்டறிய முற்பட்டதன் விளைவே 1937-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலான 'ஹாபிட்'.

அதன் தொடர்ச்சியைப் பதிப்பாளர் கேட்டார். அவ்வாண்டு திசம்பரில் தொடங்கிய 'லார்டு ஆஃப் தி ரிங்சு' நிறைவு பெறப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இடையே உலகப் போர் வந்தது. விரிவுரைகளும் தேர்வுப் பணிகளும் குவிந்தன. கதைமாந்தர் ஒரு மலைச்சுரங்கத்தினுள் நின்றிருந்த இடத்தில் எழுத்து நின்றுபோய், ஏறத்தாழ ஓராண்டு கழித்தே மீண்டும் தொடர்ந்தது. தாள் அரிதாயிருந்த காலத்தில் தேர்வுத் தாள்களின் பின்புறத்திலும் எழுதினார். தட்டச்சருக்குக் கொடுக்கப் பணம் போதாமையால், அப்பெருநூலைத் தாமே தட்டச்சு செய்தார். அது 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது.

இங்கு ஊன்றி நோக்கவேண்டியது மற்றொன்று உண்டு. குடும்பம் அவருடைய எழுத்துக்கு வெளியே நிற்கவில்லை. 'ஹாபிட்' கதையைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார். தென்னாப்பிரிக்காவில் வான்படைப் பயிற்சியில் இருந்த மகன் கிறித்தோபருக்கு, எழுதிய இயல்களைப் போர்க்காலத்தில் கடிதத்தோடு அனுப்பிவைத்தார். தொலைவில் இருக்கும் மகன் அடுத்த பகுதிக்குக் காத்திருக்கிறான் என்னும் எண்ணமே, நின்றுபோன கதையை நகர்த்தியது. பணியும் அவ்வாறே. பழைய மொழிகளைக் கற்பித்த அறிவிலிருந்துதான் அவர் படைத்த கற்பனை இனங்களின் மொழிகள் பிறந்தன. வேலையும் வீடும் அவருடைய பொழுதை எடுத்துக்கொண்டன. அதே வேளையில் கதைக்கு வேண்டிய பொருளையும் கேட்போரையும் தந்தன.

தெரியுமா?
'ஹாபிட்' நூலை வெளியிடலாமா என்பதை முடிவு செய்யப் பதிப்பாளர் சுடான்லி அன்வின் தம் பத்து வயது மகன் ரெய்னரிடம் கைப்படியைக் கொடுத்தார். அவன் எழுதித் தந்த சிறு மதிப்புரை நூலுக்குச் சார்பாக அமைந்தது. அதற்கு அவன் பெற்ற ஊதியம் ஒரு சில்லிங்.

மதுரை அறையில் ஒரு கடல்

டோல்கினுக்குப் பேராசிரியர் பதவியும், கேட்டு வாங்கும் பதிப்பாளரும் வாய்த்தனர். அவ்வாய்ப்பு இல்லாதவரின் நிலை என்ன? அதற்கு விடை மதுரையிலேயே உண்டு.

சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ப. சிங்காரம், இளமையில் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் பிழைப்புத் தேடிச் சென்றார். போர் முடிந்தபின் 1946-இல் ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் பணியில் சேர்ந்து, 1987 வரை அங்கேயே பணியாற்றினார். மனைவியையும் குழந்தையையும் அயல்நாட்டிலேயே இழந்த அவர், பின்னர் மதுரையில் தனியராகவே வாழ்ந்தார். பகலும் இரவும் செய்தி ஓயாத அலுவலகத்துக்கும் தனி அறைக்கும் இடையே அவர் எழுதிய முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்'. அது பதிப்பாளர் கிடைக்காமல் பல்லாண்டு காத்திருந்து, கலைமகள் பரிசு பெற்றபின் 1959-இல் நூலாயிற்று. இரண்டாம் நாவலான 'புயலிலே ஒரு தோணி'யும் எழுதப்பெற்று நெடுங்காலம் கழித்தே, 1972-இல் வெளிவந்தது.

இவை மிகுபுனைவு நாவல்கள் அல்ல. போர்க்காலத் தென்கிழக்காசியாவின் உண்மை வாழ்வைச் சொல்பவை. ஆயினும், இல்லாத உலகத்தைக் கட்டும் எழுத்தாளர் எதிர்கொள்ளும் அதே பணியைத்தான் சிங்காரமும் செய்தார். கடல் இல்லாத மதுரையில் அமர்ந்து, கண்ணுக்கு எட்டாத மேடானையும் பினாங்கையும் தெருத் தெருவாக எழுப்பினார். பினாங்கில் இருக்கும் கதைத்தலைவனின் நினைவிலோ மதுரைத் தெருக்கள் எழுகின்றன. இன்று தமிழின் சிறந்த நாவல்களுள் ஒன்றாக அது வைத்து எண்ணப்படுகிறது. ஆனால் அது வெளிவந்த காலத்தில் உரிய கவனத்தைப் பெறவில்லை. இரண்டு நாவல்களோடு அவர் எழுத்தை நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாவல் தமிழுக்குக் கிடைக்காமற் போனமைக்குப் பணிச்சுமையை மட்டும் காரணமாகக் கூற இயலாது. எழுதியதைப் பெற்றுக்கொள்ள ஒரு கை நீளாதபோது, பொழுதைத் தேடி எழுதுவதற்கான தூண்டுதலும் குன்றுகிறது.

வேறு சில வாழ்வுகளும் இங்கு எண்ணத்தக்கன. அகிலன் இரயில்வே அஞ்சல் பிரிப்புப் பணியில் இருந்தவாறே எழுதத் தொடங்கிப் பின்னாளில் ஞானபீட விருது பெற்றார். மதுரையைக் களமாகக் கொண்டு சு. வெங்கடேசன் எழுதிய முதல் நாவலான 'காவல் கோட்டம்', ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பில் உருவாகி 2008-இல் வெளிவந்து, 2011-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பொதுவாழ்வுப் பணிகளுக்கு நடுவே ஆயிரம் பக்கங்களைக் கடந்த அந்நூல் எழுதப்பட்டது. முதல் நாவல் நீண்ட காலம் எடுத்துக்கொள்வது குறையன்று. பலருக்கும் அதுவே இயல்பு.

பொழுதின் கணக்கு

நாவல் என்றதும் எழும் அச்சம் அதன் அளவைப் பற்றியது. எண்பதாயிரம் சொற்கள் கொண்ட நாவலை ஒருவர் எழுத எண்ணுகிறார் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு இருநூறு சொற்கள் எழுதினால் நானூறு நாள்களில் முதல் படி நிறைவுறும். கிழமைக்கு ஐந்து நாள் மட்டுமே இயலும் என்றால் எண்பது கிழமைகள், அதாவது ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். இருநூறு சொற்கள் என்பது பள்ளிக் குறிப்பேட்டில் ஏறத்தாழ ஒரு பக்கம். நோயும் திருமணமும் திருவிழாவும் குறுக்கிடும். சித்திரைத் திருவிழா நாள்களில் மதுரையில் எவரும் மேசைமுன் அமர்ந்திருக்கப் போவதில்லை. அவற்றையும் சேர்த்து மூன்றாண்டு என்று வைத்துக்கொண்டாலும், அது ஒரு பட்டப்படிப்பின் காலமே.

ஆயினும் மிகுபுனைவு நாவலுக்கு ஒரு தனி இடர் உண்டு. கண்முன் உள்ள தெருவைப் பற்றி எழுதுபவர், மறந்ததை வாயிலில் நின்று பார்த்துக்கொள்ளலாம். இல்லாத நாட்டைப் பற்றி எழுதுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆற்றைக் கடக்க எத்தனை நாள் ஆகும்? மந்திரம் அறிந்தவர் அதற்குக் கொடுக்கவேண்டிய விலை என்ன? அந்நாட்டில் உப்பு எங்கிருந்து வருகிறது? மூன்று நாள் அலுவலில் மூழ்கி எழுந்தவுடன் இவை நினைவிலிருந்து நழுவிவிடும். மீண்டும் அவ்வுலகினுள் நுழையவே கிடைத்த அரைமணி நேரமும் கழிந்துவிடும்.

இதற்கு மருந்து எளியது. கதையை எழுதும் ஏட்டிற்கு அருகில் உலகை எழுதும் ஏடு ஒன்று இருத்தல் வேண்டும். ஊர்ப்பெயர், உறவுமுறை, தொலைவு, நாள்கணக்கு, மாயத்தின் எல்லை ஆகியவற்றை அதில் குறித்துவைத்தல் வேண்டும். சிறு நிலப்படம் ஒன்றையும் வரைந்துகொள்ளலாம். டோல்கினும் நிலப்படத்தை வகுத்துக்கொண்டு அதற்கேற்பக் கதையை நடத்தியவர். அன்றன்று எழுத்தை நிறுத்தும்போது, அடுத்து நிகழவிருப்பதை ஒரு வரியில் குறித்துவைத்தால், மறுநாள் வாயில் தேடி அலையவேண்டியதில்லை. பேருந்தில் நிற்கும்போதும் வரிசையில் காத்திருக்கும்போதும் அவ்வொரு வரி மனத்தில் விளைந்துகொண்டிருக்கும். எழுதும் பொழுது அரைமணியே ஆயினும், எண்ணும் பொழுது நாள் முழுவதும் ஆகும்.

அன்றாட வாழ்வு புனைவுக்குச் செய்யும் உதவியையும் இங்குச் சேர்த்து எண்ணவேண்டும். மாயநாட்டை வாசகர் நம்புவது அங்குள்ள பறக்கும் யானையால் அன்று. அந்த யானைக்குத் தீனி வாங்கப் பாகன் படும் பாட்டால். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் விடியலுக்கு முன் மல்லிகையின் விலை ஏறுவதையும் இறங்குவதையும் கண்டவருக்கு, எந்தக் கற்பனை நகரின் அங்காடியையும் எழுத இயலும். மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர் அச்சத்தின் பல முகங்களை அறிவார். வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக்களைப் பெறும் எழுத்தர், ஓர் அரசு எவ்வாறு இயங்குகிறது, எங்கே இயங்க மறுக்கிறது என்பதை அறிவார். வாழ்விலிருந்து முற்றும் விலகியவரின் மாயநாட்டில் பெரும்பாலும் மாயம் மட்டுமே இருக்கும். மக்கள் இருக்க மாட்டார்கள்.

யாருடைய பொழுது?

மேற்கூறிய கணக்கில் ஒரு மறைவுண்டு. நாளொன்றில் அரைமணி நேரம் எவருக்கும் கிடைக்கும் என்னும் எண்ணம் அது. இந்தியாவில் அது அனைவர்க்கும் பொதுவன்று. 2019-ஆம் ஆண்டில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார். ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். அப்பணிகளில் ஈடுபடும் பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர் மட்டுமே. இடைவெளி 202 நிமிடங்கள், அதாவது மூன்று மணி நேரத்திற்கும் மேல். நாவல் எழுதத் தேவையான அரைமணியை அதனுள் ஆறு முறை வைக்கலாம்.

எனவே 'மனம் இருந்தால் நேரம் கிடைக்கும்' என்று பொதுவாக அறிவுரை கூறுவது நியாயமன்று. அலுவலகத்திலிருந்து திரும்பும் கணவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுத அமர்ந்தால், அக்கதவின் மறுபுறத்தில் யாரோ ஒருவர் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடமும் ஒரு கதை இருக்கலாம். அவருடைய கதவை யார் சாத்தித் தருவது?

தடையை மீறி எழுதிய பெண்கள் உண்டு. வை. மு. கோதைநாயகி (1901 – 1960) ஆறு வயது நிரம்பும் முன்னரே மணம் செய்துவைக்கப்பட்டவர். கதை சொல்வதில் வல்லவரான அவருக்கு முதலில் எழுதத் தெரியாது. தம் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அது 1924-இல் வெளிவந்தது. மறு ஆண்டு முதல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவர் வெற்றியைப் போற்றுவோர் தோழியின் கையையும், ஊக்கமளித்த கணவரின் துணையையும் மறத்தல் கூடாது.

அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் மூன்று பிள்ளைகளை வளர்த்தவாறே, அவர்கள் உறங்கியபின் எழுதினார். அவருடைய முதல் நாவல் 1966-இலும், புகழ்பெற்ற 'எ விசார்டு ஆஃப் எர்த்சீ' 1968-இலும் வெளிவந்தன. பேராசிரியரான கணவர் வீட்டுப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டதே தம் எழுத்துக்கு அடிப்படை என்பதை அவர் வெளிப்படையாகக் கூறியுள்ளார். இரு நாடுகளில், இரு காலங்களில் வாழ்ந்த இவ்விருவரின் வாழ்வும் ஒன்றையே உணர்த்துகின்றன: எழுதுபவர் ஒருவராயினும், எழுதும் பொழுதை உண்டாக்குவோர் பலர்.

வீடும் ஊரும் செய்யத்தக்கவை

படைப்பாளி என்றால் குடும்பத்தைத் துறந்தவர், அல்லது குடும்பத்தால் துறக்கப்பட்டவர் என்னும் கருத்து நெடுங்காலமாகப் போற்றப்படுகிறது. அக்கருத்து தீங்கானது. அது ஒருபுறம் பொறுப்பின்மைக்குப் புகழ் தேடித் தருகிறது. மறுபுறம் பொறுப்புள்ளவரை எழுத விடாமல் தடுக்கிறது. பிள்ளையின் காய்ச்சலுக்கு இரவெல்லாம் விழித்திருந்ததால் அன்றைய இருநூறு சொற்கள் எழுதப்படாமற் போனால் அது இழப்பன்று. அடுத்த நாளும் ஒரு பக்கம் காத்திருக்கும். ஆனால் ஓராண்டு முழுவதும் ஒரே ஒருவரின் பக்கம் மட்டுமே வெறுமையாகக் கிடந்தால், அவ்வீட்டின் பொழுதுப் பங்கீட்டைத் திருத்தியாகவேண்டும்.

வீட்டில் அதனை வெளிப்படையாகப் பேசித் தீர்ப்பதே முறை. கிழமையில் எந்த மாலை யாருக்கு உரியது என்று வகுத்துக்கொள்ளலாம். பத்து வயதுப் பிள்ளை பாத்திரம் துலக்கக் கற்றுக்கொள்வதும், கணவன் இரவு உணவைச் சமைப்பதும் உதவி அல்ல, கடமை என்று உணரப்படவேண்டும். எழுதியதை வீட்டார் முன் படித்துக் காட்டலாம். அடுத்து என்ன ஆயிற்று என்று பிள்ளை கேட்கும் கேள்வி, எந்த விமரிசகரின் பாராட்டினும் விரைவாகக் கதையை நகர்த்தும்.

ஊரும் தன் பங்கைச் செய்யவேண்டும். மதுரையில் 2023 சூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. தேர்வுக்குப் படிப்போர் அங்குப் பெருந்திரளாக வருவது மகிழ்ச்சி தரும் காட்சி. அவர்களுக்கு அருகில், பணி முடிந்து வரும் ஒருவர் அமைதியாக அமர்ந்து எழுதுவதற்கும் இடம் இருப்பது நூலகத்தின் பயனைப் பெருக்கும். சிற்றூர்களின் கிளை நூலகங்கள் மாலையிலும் விடுமுறை நாளிலும் நெடுநேரம் திறந்திருந்தால், வீட்டில் தனி அறை இல்லாதவருக்கு அதுவே எழுதும் அறையாகும். குழந்தைகள் படிக்கும் பகுதி அருகிலேயே அமைந்தால் தாய்மாரும் வரக்கூடும். முதல் நாவல் எழுதுவோரின் கைப்படியைப் படித்துக் கருத்துரைக்கும் வாசகர் வட்டங்களும் தேவை. சிங்காரத்தின் கைப்படி பல்லாண்டு காத்திருந்த நகரம், அடுத்தவரையும் அவ்வாறு காக்கவைத்தல் தகாது.

தமிழில் மிகுபுனைவு நாவல் இன்னும் பரவலாக வேரூன்றவில்லை. இளையோர் பலர் பிறமொழி மாயநாடுகளின் நிலப்படங்களை மனப்பாடமாக அறிந்திருக்கின்றனர். அதில் தவறில்லை. ஆனால் யானைமலையும் நாகமலையும் கதையாகக் காத்திருக்கும் நிலத்தில், அவற்றை எழுதவேண்டியவர் யார்? முழுநேர எழுத்தாளர் மிகச் சிலரே உள்ள மொழியில், அதனை எழுதப்போகிறவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியராகவோ, நடத்துநராகவோ, செவிலியராகவோ, இல்லத்தரசியாகவோதான் இருப்பார். அவருக்கு வேண்டியது துறவன்று; நாளொன்றுக்கு அரைமணிப் பொழுதும், அதனை மதிக்கும் வீடும், எழுதியதை வாங்கிப் படிக்கும் ஊரும்.

மாலைப் பேருந்து ஒத்தக்கடையைக் கடக்கும்போது கதிரவன் மறைந்து, மலை கருநிறம் கொள்கிறது. அவ்வேளையில் அது கல்லா, யானையா என்று பிரித்தறிவது கடினம். வீடு சேர்ந்து, விளக்கேற்றி, உணவு முடித்து, பிள்ளைகளை உறங்கவைத்தபின், அது யானைதான் என்று ஒரு குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதத் துணிபவருக்கு அந்த இரவின் அரைமணியேனும் உரியதாதல் வேண்டும்.